திமிங்கிலத்தின் கீழே

மாடிப்படியின் திருப்பத்தில் முக்காலியை நிறுத்தியதுமே இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக் கூரை, அதைத் தாங்கும் இரும்பு வளைவுகள், அவற்றிலிருந்து தொங்கும் திமிங்கில எலும்புக்கூடு, எல்லாமே கேமராவுக்குள் அடங்கின. இத்தனை காலமும் கல்யாணப் படம் எடுத்து அலுத்தவள் நான். அருங்காட்சியகம் புத்தகம் போடுகிறது. இன்று எடுக்கும் அட்டைப்படம் பிடித்தால் முழுக் கட்டடத்தையும் படமெடுக்கும் வேலை என் கையில். "அங்க சாப்பாடு போட மாட்டாங்களே, என்ன பண்ணுவே?" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்து அனுப்பியிருந்தார். எனக்குச் சாப்பாடு வேண்டாம், இந்த வேலை வேண்டும்.

"ஒரு ஆள்கூடத் தெரியக் கூடாதும்மா," பக்கத்தில் நின்ற காப்பாட்சியர் அம்மா கறாராகச் சொன்னார்.

கீழே கூட்டம் ஜேஜே என்றிருந்தது. எனக்கென்ன கவலை? லென்ஸில் கறுப்புக் கண்ணாடியை மாட்டி ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தால் நடமாடுகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அசையாதது மட்டுமே விழும். எல்லாம் சரிபார்த்துப் பொத்தானில் விரல் வைத்தபோதுதான் கல்யாண மேடைப் பழக்கம் காலை வாரியது. என் வாய் என்னைக் கேட்காமலே கத்தியது:

"எல்லாரும் இங்க பாருங்க, அசையாதீங்க!"

கூடமே திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரலும் அழுத்திவிட்டது.

திரையில் அத்தனை பேரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். "கல்யாணக்காரின்னு சொன்னாங்க, சரியாத்தான் இருக்கு," என்றார் காப்பாட்சியர். வாயை இறுக மூடிக்கொண்டு மறுபடி எடுத்தேன். ஈ, காக்கை இல்லாத வெறுங்கூடம் வந்தது.

"இதேதான்! அட்டைக்கு இதையே வெச்சிடலாம்."

தலையாட்டியிருந்தால் வேலை கைக்கு வந்திருக்கும். ஆனால் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இது வேண்டாம் மேடம். ஆள் இல்லாம, தட்டுல மிச்சம் வெச்ச மீன்முள்ளு மாதிரி இருக்கு. முதல் படத்துலதான் அது திமிங்கிலம். இதைப் போட்டா என் பேரைப் போடாதீங்க."

"அப்ப வேலை வேண்டாங்கறீங்களா?"

"வேணும். அதனாலதான் சொல்றேன்."

அவர் விறுவிறுவென்று படியிறங்கினார். காவலாளியைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய்த் திமிங்கிலத்தின் தாடைக்கு அடியில் நின்றார். தினமும் அதைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போகிறவர், இன்றுதான் பார்க்கிறவர்போல அண்ணாந்தார். அப்படியே நின்றார்.

ஷட்டரைத் திறந்தேன். சுற்றி நடந்தவர்கள் எல்லாரும் கரைந்துபோக, அந்த மாபெரும் எலும்புகளின் கீழே, கட்டைவிரல் உயரத்தில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாய் லேசாகத் திறந்தபடி அவர் ஒருவர் மட்டும் நின்றிருந்தார்.