ஏணியில் இடித்துக்கொண்டவள்

1

என் மனைவி கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பயண இதழ் ஒன்றில் நான் எழுதிய கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். துணிச்சல்காரர்கள் போகவேண்டிய ஏழு கடற்கரை ஊர்கள். எங்கே அலைச்சறுக்கு, எங்கே பாறையிலிருந்து குதிக்கலாம், எங்கே கடலுக்கடியில் முக்குளிக்கலாம் என்று எல்லாம் இருந்தது. நான்காவது ஊருக்கு வந்ததும் சிரித்தாள். 'படகு ஏணியில் கவனம். பயிற்சியாளர்களே தடுமாறுவதுண்டு' என்று எழுதியிருந்தேன்.

"நிஜமாவே தடுமாறினாங்களா?"

"ஆமா" என்றேன்.

[பொய்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கடல் அன்று கண்ணாடி போல' — வேண்டாம். கடலை வர்ணிக்க ஆரம்பித்தால் நான் நைசாக நழுவிவிடுவேன்.

'நீச்சல் தெரியாத ஒருவன் ஒருநாள்' — யார் அந்த ஒருவன்? பக்கத்து வீட்டுக்காரனா?

'பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு பெண்ணின் வாயிலிருந்து காற்றுக்குழாயைப் பிடுங்கினேன்.'

இது இருக்கட்டும்.

3

அந்த நான்காவது ஊரில் என்னை முக்குளிக்கக் கூட்டிப்போன பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கும். இறங்குமுன் கைச்சைகைகளைச் சொல்லிக்கொடுத்தாள்.

"பயமா இருந்தா கையை இப்படி ஆட்டுங்க சார். வெட்கப்படாதீங்க. மேல கூட்டிட்டு வந்துடறேன்."

"பயமா? எனக்கா?" என்றேன்.

கீழே என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கொஞ்சம்தான். மூக்கில் ஏறியதும் இருமினேன்; வாயில் கவ்வியிருந்த குழாய் நழுவியது. கற்ற சைகை ஒன்றும் நினைவில்லை. எதிரே அவள் வாயில் ஒரு குழாய் இருந்தது. பிடுங்கினேன்.

[இங்கே 'என்னையறியாமல்' என்று எழுதி அடித்திருக்கிறேன். நான் எடுத்துக்கொண்டால் அவளுக்கு இருக்காது என்று அந்த நொடியில் எனக்கு நன்றாகத் தெரியும்.]

அவள் அதைத் திருப்பிப் பிடுங்கவில்லை. தன் மார்பில் தொங்கிய உபரிக் குழாயைத் தடவி எடுத்துக் கவ்வினாள். திமிறிக்கொண்டு மேலே பாய்ந்த என்னை, முதுகிலிருந்த காற்று உருளையின் பட்டையைப் பிடித்து நிறுத்தினாள். மூச்சை விடு, விடு என்று கையால் காட்டிக்கொண்டே நிதானமாக மேலே கொண்டுவந்தாள். அவள் உதட்டிலிருந்து பச்சையாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.*

* ஆழத்தில் இரத்தம் பச்சையாகத் தெரியும். கட்டுரையில் இதைச் சுவையான தகவலாகச் சேர்த்திருந்தேன். யாருடைய இரத்தம் என்று சொல்லவில்லை.

4

படகை ஓட்டியது அவள் தங்கை. கிழிந்த உதட்டைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அக்கா, என்னாச்சு?"

"ஏணியில இடிச்சுக்கிட்டேன்டி. சார் சூப்பரா பண்ணினார்."

அடுத்து இறங்க வேண்டிய இருவர் படகில் இருந்தார்கள். அவர்கள் பயப்படக் கூடாது என்றா, என் மானம் போகக் கூடாது என்றா, எதற்காகச் சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த இருவரும் எனக்குக் கைதட்டினார்கள். நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

கரையில் முக்குளிப்புக் கடையின் முதலாளி எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து வருஷமா ஏறுற ஏணி. கண்ணு எங்க இருந்துச்சு? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? இந்த வாரம் நீ தண்ணியில இறங்க வேணாம்."

"சரிங்க."

இரண்டடி தள்ளி நின்று நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். தலை காய்ந்துவிட்டது. துவட்டுவதை நிறுத்தவில்லை.

5

தங்கை பாத்திரம் சரியாக வரவில்லை. ஒரு வரைவில் அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். அப்படி நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. நடந்தது வேறு. "சார், உங்க செருப்பு" என்று கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

முடிவுக்கு ஒரு யோசனை: இதழில் திருத்தம் வெளியாகிறது. முதலாளி படிக்கிறார். மனம் மாறுகிறார். அதுவரை எழுதியது முழுவதையும் மனைவியிடம் காட்டினேன்.

"உங்களுக்கு ரொம்ப வசதியான முடிவு" என்றாள். பிறகு, "கடை நம்பர் இருக்குல்ல?"

6

இன்று காலை கூப்பிட்டேன். எடுத்தது தங்கை.

"போன வருஷம் வந்திருந்தேம்மா... பத்திரிகையில எழுதற..."

"தெரியுது சார். உங்க கட்டுரையை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாம் அந்த ஏணி வரியைப் படிச்சிட்டு அக்காவைப் பாத்துச் சிரிப்பாங்க."

குரலில் கோபமே இல்லை.

"அக்கா இருக்காங்களா? மன்னிப்பு கேக்கணும்."

"தண்ணியில இருக்கா. அவகிட்ட எதுக்கு சார்? நடந்தது அவளுக்குத் தெரியும். தெரியாதவர் இங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கார். குடுக்கட்டுமா?"

"குடும்மா" என்றேன்.

நாற்காலி நகரும் சத்தம். பிறகு முதலாளியின் குரல்: "யாருங்க பேசறது?"

இதற்கு மேல் எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவனாக எழுதிவிடுவேன். என் கையை எனக்குத் தெரியும். அடுத்த வாக்கியத்தை நீங்கள் பேசுங்கள். அவர் இணைப்பில் இருக்கிறார்.