இரண்டாவது நாற்காலிக்கு உப்பில்லாமல்

லிஃப்ட் மெக்கானிக் இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து, முன்பதிவு செய்திருந்தபடியே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு வந்து உட்கார்ந்து ஒன்பது தட்டுச் சாப்பாடு சாப்பிட்டார். பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், எந்த வேலைக்கும் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கிற ஆள். அவர் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த உணவகத்தில் ஒரு மேசை கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், அவ்வளவு காத்திருந்தவர் யார்தான் வராமல் இருப்பார்? ஆச்சரியப்படுவதென்றால் அவர் மனைவி செய்து வைத்த காரியத்துக்குத்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

அந்த உணவகம் வேறொரு நாட்டில், துறைமுகத்தை ஒட்டிய பழைய சரக்குக் கிடங்கின் உச்சி மாடியில் இருந்தது. என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. செஃப் அன்றைக்கு எதை நினைக்கிறாரோ அது ஒன்பது சின்னச் சின்னத் தட்டுகளாக வரும், ஒவ்வொரு தட்டோடும் அதற்கென்று தேர்ந்த ஒயின் ஒன்று வரும். மெக்கானிக் முதலில் அங்கே போனது சாப்பிட அல்ல, அவருடைய கம்பெனி அனுப்பி லிஃப்டைச் சரிபார்க்க. மூன்று நாள் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை செய்தார். மேலே சமைப்பதெல்லாம் வாசனையாக அந்தக் குழி வழியே இறங்கி அவர் தலையில் விழுந்தது. வெண்ணெய் கருகும் வாசனை, காளான் வாசனை, பெயர் தெரியாத ஏதோ இலையின் வாசனை. அவர் கடையில் வாங்கிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாசனையைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாராம். மூன்றாம் நாள் வேலை முடிந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு மேலே போய், இரண்டு பேருக்கு ஒரு மேசை பதிவு செய்துவிட்டு வந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்பில் அந்த ஒன்பது தட்டைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது.

அவர் மனைவி பெரிய மருத்துவமனையில் உணவியல் நிபுணர். எல்லோருக்கும் அவள் ‘கிராம் மேடம்’. கைப்பைக்குள் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு தராசு வைத்திருப்பாள், விருந்துக்குப் போனாலும் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். மெக்கானிக்கின் இதயம் தளர்ந்து, கால்கள் வீங்கி, ஒரு நாளைக்கு இரண்டு கிராம் உப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, வேறு யாராவது மனைவியாக இருந்திருந்தால் எப்போதாவது கண்டும் காணாமல் விட்டிருப்பாள். இவளா விடுவாள்? வீட்டிலிருந்த வெண்ணெய், ஊறுகாய், பிஸ்கட் எல்லாவற்றையும் பையில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். பதினொரு மாதம் அவருக்கு வேகவைத்ததை மட்டுமே கொடுத்தாள். அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தட்டைப் பார்ப்பார், சாப்பிடுவார், எழுந்து போவார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை மட்டும் வாய் திறந்து, “ஒரு துண்டு ரொட்டியில கொஞ்சம் வெண்ணெய் தடவிக் குடேன்” என்று கேட்டார். “ரிப்போர்ட் வரட்டும், பாக்கலாம்” என்றாள். சனிக்கிழமை காலை அவர் போய்விட்டார். ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது.

மகள் வந்தாள். அழுது முடித்த பிறகு, வந்தவர்கள் எல்லோரும் கேட்க, “ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்க வெச்சே அனுப்பிட்டல்ல” என்று அம்மாவைக் கேட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. கிராம் மேடம் வேலைக்குப் போனாள், வந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே கேள்விதான். அவர் தன்மேல் கோபத்தோடு போனாரா? இதை யாரிடம் கேட்பது? அவர் உட்காரும் நாற்காலியிடம்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். எங்கள் சன்னல் வரைக்கும் கேட்டிருக்கிறது.

குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்னால் உணவகத்திலிருந்து போன் வந்தது. அவள் அப்போது வார்டில், கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேர்தானே, சாப்பாட்டில் ஏதாவது விலக்க வேண்டியது உண்டா என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான் வருவேன் என்று சொல்ல வேண்டியவள், ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பழகிய வாயால், “ரெண்டு பேர். ஒருத்தருக்கு உப்பு கூடாது, வெண்ணெய் கூடாது, சர்க்கரை கூடாது, மது கூடவே கூடாது, தண்ணி அளந்து குடுக்கணும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் தனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார். இரண்டு பேர் என்று சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டாள். மற்றதைச் சொன்னது அவள் நினைவிலேயே இல்லை.

விமானத்தில் ஆறு மணி நேரம், ரயிலில் மூன்று மணி நேரம் போய் அந்தத் துறைமுகத்தில் இறங்கினாள். சன்னலோர மேசையில் அவளை உட்கார வைத்தார்கள். கீழே கப்பல்கள் நின்றன. சர்வர் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் துடைத்து வைத்தார். அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. மெக்கானிக் வெளியே வந்தார், கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், ஷூவை மிதியடியில் துடைத்துக்கொண்டு நேராக வந்து எதிரே உட்கார்ந்தார். இறந்த அன்று இருந்த அதே மெலிவு. நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தபோது வெறும் சட்டை ஒன்று உட்கார்ந்திருப்பது போலத்தான் கனம் இருந்தது என்று சர்வர் பின்னாளில் சொன்னார். ஆனால் உடம்பு மெலிந்த வாடிக்கையாளர்கள் அவருக்குப் புதிதல்ல.

“என்னங்க” என்றாள் அவள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைவிரிப்பைப் பார்த்தார், முள்கரண்டியை நேராக்கினார்.

முதல் தட்டு வந்தது. அவளுக்கு வெண்ணெயில் வாட்டிய சிப்பி ஒன்று, கூடவே வெளிறிய மஞ்சளில் ஒரு வெள்ளை ஒயின். கடற்கரை மண்ணில் விளைந்த திராட்சை, நாக்கின் ஓரத்தில் லேசாக உப்புத் தட்டும் என்று ஒயின் ஊற்றுகிறவர் பெருமையாகச் சொன்னார். அவருக்கு வேகவைத்த சிப்பி, சிறு குவளையில் அளந்த வெந்நீர். “சாருக்காக எங்க செஃப் தனியா செஞ்சது மேடம். நீங்க சொன்ன மாதிரியே உப்பு, வெண்ணெய் எதுவுமே இல்ல. ஒன்பது தட்டும் அப்படித்தான்!” என்றார் சர்வர். அடிப்பாவி, செத்தவருக்கும் பத்தியம் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மாற்றித் தர முடியுமா என்று கெஞ்சினாள். முடியாது, இரண்டு நாளாகத் தயாரித்தது, நாற்காலிக்கு நாற்காலி எண்ணி வைத்தது என்று சமையலறையிலிருந்து வருத்தத்தோடு பதில் வந்தது. அதற்குள் மெக்கானிக் தட்டைப் பார்த்தார், சாப்பிட்டார். பதினொரு மாதமும் பார்த்த அதே பார்வைதான்.

இரண்டாவதாக வெங்காயச் சூப் வந்தது. அவருக்கு வந்ததில் வெங்காயமும் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை. அதைக் குடித்து முடித்தபோது அவர் சட்டை வழியாக நாற்காலியின் முதுகுப் பட்டைகள் தெரிந்தன. மூன்றாவது மீன். அதைச் சாப்பிட்டதும் அவர் நெஞ்சுக்குப் பின்னால் துறைமுகம் தெரிந்தது, கப்பல் ஒன்று அவர் இடது தோளில் நுழைந்து வலது தோளில் வெளியேறியது. பக்கத்து மேசையில் திருமண நாள் கொண்டாடிய தம்பதி, வெயில் கண்ணில் அடிக்கிறது, திரையை இறக்குங்கள் என்று சர்வரிடம் சொன்னார்கள். வெயில் அவர் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஆறு தட்டு இப்படியே போனால் இவர் கரைந்தே போவார், இந்தத் தடவையும் பட்டினியாகத்தான் போவார் என்று அவளுக்குப் புரிந்தது.

நான்காவது தட்டு வெறும் ரொட்டியும் வெண்ணெயும். அவ்வளவு பெரிய உணவகத்தில் அதற்கென்று தனியாக ஒரு தட்டு. அடுப்பிலிருந்து நேராக வந்த ரொட்டி, புகையில் வைத்த வெண்ணெய், மேலே தூவிய உப்புக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்கு அதே ரொட்டி, வெறுமையாக. அவள் இரண்டு தட்டையும் எடுத்து மாற்றி வைத்தாள், ஒயின் கோப்பையையும் அவர் பக்கம் நகர்த்தினாள். சர்வர் ஓடி வந்தார். “மேடம், அது சாருக்கு ஒத்துக்காதே!”

“இனிமே என்ன ஆயிடப் போகுது?” என்றாள்.

மெக்கானிக் அப்போதுதான் முதன்முதலாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “அளந்து பாத்தியா?” என்று கேட்டார்.

“பாக்கல.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு ருசியே வேணாம். என் நாக்குல இருக்கறதையும் சேத்து நீங்களே எடுத்துக்கோங்க.”

போனவர்களிடம் இப்படி எத்தனையோ பேர் சொல்வதுண்டு. இவள் சொன்னது மட்டும் சொன்னபடி நடந்தது. அவர் ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெயை வழித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். துறைமுகம் மறைந்தது, சட்டையின் நீலம் திரும்பி வந்தது. அவள் தன் முன்னிருந்த வெறும் ரொட்டியைக் கடித்தாள், அது வாயில் அட்டையாக இருந்தது. காளான் வந்தது, வாத்து வந்தது, பாலாடைக்கட்டி வந்தது, எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். வாத்தோடு வந்த கருஞ்சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு அவர் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டு, “தம்பி, இதுல எங்கயோ எண்ணெய் போட்ட இரும்பு வாசம் வருதே?” என்றார். இருபது வருடமாக அதை யாரும் கண்டுபிடித்ததில்லை என்று ஊற்றுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒயினில் வேகவைத்த பேரிக்காய் வந்தபோதுதான் அவள் கேட்டாள். “என்மேல கோவமாவா போனீங்க?”

அவர் பேரிக்காயில் ஒரு துண்டு வெட்டினார். “பசிதான் இருந்துச்சு. கோவமெல்லாம் இல்ல” என்றார்.

அவள் அந்தப் பெரிய உணவகத்தில், துவாலையை முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவர் அவள் பேரிக்காயையும் தன் பேரிக்காயையும் சேர்த்துச் சாப்பிட்டார். ஒன்பதாவதாக வந்த சாக்லேட்டை வழித்துத் துடைத்துவிட்டு எழுந்தார். லிஃப்டில் தானும் வருகிறேன் என்று அவள் கிளம்பியபோது, “கேபிள் தேஞ்சிருக்கு, நீ படியிலயே வா” என்றார். நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி வந்து பார்த்தபோது லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை. கேபிளை மறுநாள் பார்த்த லிஃப்ட் கம்பெனிக்காரர்கள், இது புதுக் கேபிள், யார் மாட்டியது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து கிராம் மேடத்துக்கு எதிலும் ருசியில்லை. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவள் கவலைப்படவில்லை. முன்பு தொடாததையெல்லாம் வாங்கி வந்து வேளாவேளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள். பாலாடைக்கட்டி, ஊறுகாய், வறுத்த உருளைக்கிழங்கு எதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அரைக் கோப்பை ஒயின் வேறு. சுண்ணாம்பைத் தின்பது போலத் தின்றாள், ஆனால் பொறுமையாக, நன்றாக மென்று தின்றாள். எடை ஏறவில்லை. அவள் ரத்தத்தைப் பரிசோதித்தவர், உப்பே தொடாதவர்களுக்குத்தான் இப்படி இருக்கும் என்று மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக் கொடுத்தார்.

இதெல்லாம் யார் மூலமாகவோ மகள் காதுக்கும் போனது. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து ஒரு மதியம் கேக் பெட்டியோடு வந்து நின்றாள். கிராம் மேடம் அப்போது சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து, வறுத்த உருளைக்கிழங்கின்மேல் உப்பை வாரித் தூவிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பொறுக்கவில்லை.

“ஊருக்கே உப்பைக் குறைன்னு சொல்லிட்டு நீ இப்படிச் சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“நானா சாப்பிடுறேன்?” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டாள்.

எதிர் நாற்காலியிலிருந்து, நல்ல சாப்பாடு தொண்டையில் இறங்கும்போது மெக்கானிக் போடும் அந்தச் சின்ன ‘ம்ம்’ சத்தம் கேட்டது. மகள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கேக்கைப் பெரிய துண்டாக வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தாள்.

“நானே செஞ்சது. நல்லா மென்னு சாப்பிடும்மா, அப்பாவுக்கு அவசரமா சாப்பிட்டாப் பிடிக்காது” என்றாள்.