குதிரை மிதித்த பனி

ரகாத்தை அடக்கம் செய்து ஏழு நாள் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பயணிகளைப் பனிச்சறுக்குக்கு மலைமேல் கூட்டிப்போவதுதான் அவனுக்கும் அவன் அண்ணன் உலுக்மானுக்கும் பிழைப்பு. இன்று உலுக்மான் மட்டும் பனியைச் சோதிக்கக் கிளம்பினான். ரகாத்தின் மனைவி பெகாயிமும் கூடவே வந்தாள். புருஷனைப் பனிச்சரிவு கொண்டுபோன இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல உலுக்மானுக்குத் தெம்பில்லை. மனசு மரத்துக் கிடந்தது. அழுகைகூட வரவில்லை. ரொட்டியும் தேநீரும் தொண்டையில் இறங்கின, அவ்வளவுதான்.

ஊர் ரகாத்தைத்தான் குறை சொன்னது. அண்ணன் பேச்சைக் கேட்காமல் போய்ச் செத்தான் என்று. உலுக்மான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை.

குதிரைகளைக் கீழே கட்டிவிட்டு இருவரும் நடந்து ஏறினார்கள். சரிவுக்குப் பக்கத்துச் சின்ன மேட்டில் அவன் இடுப்பளவு குழி தோண்டினான். பனியைத் தூண் மாதிரி அறுத்து நிறுத்தி, உச்சியில் மண்வாரியை வைத்துத் தட்டினான். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முப்பதும் தாங்கினால் போகலாம். இது மூன்றாவது தட்டிலேயே வழுக்கி விழுந்தது. அடியில் இருந்த பனி சர்க்கரையாக உதிர்ந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா, அத்தான்?"

ஆமாம் என்றால் போதும். பழி ரகாத்தோடு போய்விடும்.

"தெரியாது. அன்னைக்கு நான் இங்க தோண்டல."

"பின்ன எங்க?"

"கீழ, குதிரை கட்டுற இடத்துல. மைனஸ் முப்பது குளிரு. எறங்கின எடத்துலயே தோண்டிட்டேன். முப்பது தட்டும் தாங்குச்சு."

மாதக்கணக்கில் குதிரைகள் மிதித்து இறுக்கிய பனி, தாங்காமல் என்ன செய்யும்?

"அவரு ஒண்ணும் கேக்கலயா?"

"எங்க தோண்டினேன்னு கேட்டான். உம் பொண்டாட்டி மாதிரி நச்சரிக்காத, முன்னால போயி தடம் போடுடான்னேன். சிரிச்சுக்கிட்டே போனான்."

கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தான். அவள் சரிவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"இத ஊர்ல எல்லார் முன்னாலயும் சொல்லணும். என் பையன் முன்னாலயும். நட, உலுக்மான்."

புருஷனுக்கு மூத்தவர்களின் பெயரை இங்கே எந்த மருமகளும் வாயால் சொல்வதில்லை. பதினோரு வருஷத்தில் அவளும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இனி அவள் தன்னை உறவாக நினைக்கப் போவதில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. மண்வாரியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினான்.