பதினாறு மஞ்சள் பொட்டு

'டிக்' என்ற சத்தம் பன்னிரண்டு தடவை கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. பதின்மூன்றாவது கேட்டதா என்றுதான் தெரியவில்லை.

மணி பத்தாகப் போகிறது. ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையில் டார்க் ஸ்பேனர். சக்கரத்தின் நட்டை இறுக்கும்போது, தேவையான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும் ஸ்பேனர் அது. ஒரு சக்கரத்துக்கு நாலு நட்டு, நாலு சக்கரத்துக்குப் பதினாறு. அதைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போன நேரத்தில்தான் இந்தச் சந்தேகம் வந்தது.

வண்டி கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஓட்டிக்கொண்டு போனவள் என் நாத்தனார்.

மலை முதுகில் வரிசையாக இருபது காற்றாலைகள். அவற்றுக்குப் போகும் வழியைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். லாரி பாதியிலேயே நின்றுவிடும். அதனால் மூன்று சின்ன வண்டிகள் வைத்திருக்கிறோம். நாலு சக்கரமும் இழுக்கும், முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்ற ஒரு தட்டு. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, 'தவளை' என்றே கூப்பிடுகிறோம். மூன்று தவளைகளுக்கும் நான்தான் மெக்கானிக். பெட்ரோல் டிரம்மும் என் பொறுப்பு.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை மறைக்க மாட்டேன், மறைக்கவும் முடியாது. சூடான இஞ்சினோடு வந்து பெட்ரோல் கேட்டால் கால் மணி நேரம் உட்கார வைப்பேன். செல்போனோடு டிரம் பக்கம் வந்தவனை விரட்டியிருக்கிறேன். ஒரு சொட்டு சிந்தினாலும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் சாவி கொடுப்பேன். வேலைக்கு வந்த புதிதில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது நான் திரும்பிப் பார்த்தாலே இஞ்சினை அணைக்கிறார்கள். இறுக்கி முடித்த நட்டில் ஒரு மஞ்சள் பெயிண்ட் பொட்டு வைக்க வேண்டும் என்ற சட்டமும் நான் கொண்டுவந்ததுதான். மஞ்சள் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது. மஞ்சள் இருந்தால் யாரும் அந்த நட்டைத் தொடக் கூடாது.

இன்று காலையில் நாத்தனாருடைய தவளைக்கு சர்வீஸ். ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, சக்கரங்களைக் கழற்றி பிரேக் பார்த்து, திரும்ப மாட்டினேன். எல்லா நட்டையும் கையால் திருகிவிட்டு, ஜாக்கியை இறக்கி, ஸ்பேனரை எடுத்தேன். முன்னால் இரண்டு சக்கரம் முடிந்தது. வலது பின் சக்கரமும் முடிந்தது. பன்னிரண்டு. எழுந்து இந்தப் பக்கம் வந்தேன், பார்த்தேன்.

நாத்தனார் டிரம்மிலிருந்து பம்பு ஹோஸை இழுத்து வந்து, வண்டியின் தட்டில் வைத்தபடியே கேனில் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நம்பர் காற்றாலையில் இருக்கும் ஜெனரேட்டருக்கான கேன். தட்டில் பிளாஸ்டிக் விரிப்பு. பெட்ரோல் விழ விழ அந்தக் கேனில் மின்சாரம் சேரும், தரையில் இருந்தால் மண்ணுக்குள் போய்விடும், பிளாஸ்டிக்கின் மேல் இருந்தால் போக வழி கிடையாது. கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பறக்குமே, அந்தச் சின்னப் பொறி போதும்.

"ஏய்! கேனைக் கீழ இறக்கு!"

"இதோ ஆச்சு அண்ணி, பாதி ரொம்பிடுச்சு."

"பாதி ரொம்பினாலும் முழுசாத்தான் எரியும். இறக்குடி!"

"நெறஞ்ச கேனை அப்புறம் யாரு தூக்கி மேல வைக்கிறது? நீங்களா?"

"நான் தூக்குறேன். இல்லேன்னா உங்க அண்ணனை வரச் சொல்லு. வீட்டுல சும்மா உக்காந்து உக்காந்து அவருக்குத்தான் தெம்பு கூடிப் போயிருக்கு."

அண்ணனை இழுத்திருக்க வேண்டாம். அவருக்கு வேலை போய் நாலு மாதம். அவள் கேனை இறக்கினாள், தரையில் வைத்துப் பிடித்தாள், மூடினாள், தானே தம் பிடித்துத் தூக்கி ஏற்றிக் கயிறு கட்டினாள். நான் இன்னும் நாலு வார்த்தை கொட்டினேன். கோபத்திலேயே ஜாக்கியை உதைத்து ஓரம் தள்ளினேன், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன், சாவியை நீட்டினேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

நடுவில் அந்த இடது பின் சக்கரத்தை இறுக்கினேனா?

செல்போனில் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவளே வெட்டிவிட்டாள். ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் நடந்தேன். இறுக்கியிருப்பேன், கை பழகிய வேலை, தானாகச் செய்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. முழங்காலைக்கூடத் தடவிப் பார்த்தேன், மண் இருக்கிறதா என்று. மண் இருந்தது, ஆனால் அது எந்தச் சக்கரத்து மண் என்று யார் சொல்வது?

பதினாலாம் நம்பர் வரைக்கும் பரவாயில்லை. அதற்கப்புறம் 'சறுக்கு'. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. எட்டு வளைவு இறங்கித்தான் பத்தொன்பதுக்குப் போக வேண்டும்.

ரேடியோவில் கூப்பிட்டிருக்கலாம். எல்லா வண்டியிலும் இருக்கிறது, ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் இருக்கிறது. அதுதான் சங்கடமே. ஒருவர் பேசினால் மலை முழுக்கக் கேட்கும். நான் வாய் கிழியத் திட்டிய ஒவ்வொருவனும் கேட்பான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்: பதினொரு நிமிடம் நான் ரேடியோவுக்குப் போகாமல் இருக்க வழி தேடினேன்.

அப்புறம் ஓடினேன்.

ரேடியோ அறையில் இருப்பவரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் ரேடியோ மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். வேர்க்கடலைத் தோலை மேசை விளிம்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எவன் இன்னைக்கு மாட்டினான்?"

"மாமா, என் நாத்தனாரைப் பிடிங்க."

"அவ ரேடியோவ அணைச்சுட்டா. நான் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டேன். வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்கக் கூடாதா நீங்க?"

அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "பதினாலாம் நம்பர்ல யாரு இருக்கீங்க? தவளை ஒண்ணு வரும். கையக் காட்டி நிறுத்துங்க. குறுக்க நின்னாவது நிறுத்துங்க."

"என்ன அக்கா, பெட்ரோல் சிந்திட்டாளா?" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொரு குரல் சிரித்தது.

ஆறு நிமிடம். ரேடியோ மாமா கடலையை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு கடலையை எடுத்து உரித்து, பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணி?" நாத்தனாரின் குரல். "திட்டுல இன்னும் மிச்சம் இருக்கா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க இருக்க?"

"சறுக்குக்கு மேல. பத்தொன்பதுல ரெண்டு பேரு கயித்துல தொங்கிட்டு எனக்காகக் காத்துட்டு இருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"இடது பின்னாடி சக்கரத்து நட்டைப் பாரு."

"மஞ்சள் இருக்கு."

"பாத்துச் சொல்லு."

"பதினாறு மஞ்சளும் இருக்கு அண்ணி. மஞ்சள் இருந்தா எவனும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நானேதான் சொன்னேன். ஆனால் அந்த மஞ்சள் எப்போது வைத்த மஞ்சள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் ஒவ்வொரு நட்டாக இறுக்கி, ஒவ்வொன்றாகப் பொட்டு வைப்பேன். பெயிண்ட் காய்வதற்குள் சேறு ஒட்டும், வேலை இழுக்கும். இரண்டு மாதமாக, கழற்றிய பதினாறு நட்டையும் ஒரு தட்டில் பரப்பி, மொத்தமாகப் பொட்டு வைத்துக் காயவிட்டு, அப்புறம்தான் மாட்டுகிறேன். எப்படியும் இறுக்கத்தானே போகிறேன், முன்னால் வைத்தால் என்ன, பின்னால் வைத்தால் என்ன? அந்த மஞ்சள் எதற்கும் சாட்சி இல்லை.

இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மலை முழுக்க என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மஞ்சள் இருந்தாலும் பரவால்ல. வண்டிய ஆஃப் பண்ணு, கியரைப் போட்டு நிறுத்து, சக்கரத்துக்குக் கல்லு வை, ஸ்பேனரை எடுத்து நாலையும் இறுக்கு. ஏன்னு கேக்காத. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

நான் கெஞ்சி அவள் கேட்டதில்லை. நாலு நிமிடம் ரேடியோ வெறுமனே இரைந்தது.

"நாலும் கல்லு மாதிரி இருக்கு அண்ணி. வீணா பயந்துட்டீங்க. நான் கிளம்புறேன்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். ரேடியோ மாமா, "உனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கான்னு பாத்துக்கம்மா," என்றார். ஷெட்டுக்குத் திரும்பி ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். அப்பாடா என்று இருந்தது. நிஜமாகச் சொன்னால், சந்தோஷம் நாத்தனார் தப்பித்ததற்கு மட்டும் இல்லை. யாருக்கும் தெரியாமல் போனதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு மணி சுமாருக்குத் தவளை திரும்பி வந்தது. நடக்கிற வேகத்தில் வந்தது. அவள் எப்போதும் அப்படி ஓட்டுகிறவள் இல்லை. வண்டியைச் சுற்றி வந்து இடது பின் சக்கரத்தின் முன்னால் குந்தினேன். நட்டு மூன்றுதான் இருந்தது. நாலாவது இடத்தில் போல்ட்டின் மரை மட்டும் பளபளவென்று தேய்ந்து நின்றது.

"இது எங்க?"

"பதினாலுக்குப் போறப்பவே இல்ல," என்றாள். "நான் பாக்காமலேயே பதினாறுன்னு சொல்லிட்டேன். அப்புறம் பாத்தா மூணுதான் இருந்துச்சு. மூணும் கையாலயே சுத்துச்சு."

"கல்லு மாதிரி இருக்குன்னு சொன்ன?"

"எல்லாரும் கேட்டுட்டு இருந்தாங்கல்ல."

"மூணு நட்டோடயா சறுக்குல இறங்கின?"

"நல்லா இறுக்கிட்டு, மெதுவாத்தான் இறங்கினேன்."

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அடிப்பதற்குத்தான் கை போனது, அணைத்துக்கொண்டது. "ஏன்டி? நான் உங்க அண்ணனைப் பேசின பேச்சுக்கு நீ என்னை மலை முழுக்க நாறடிச்சிருக்கணும்டி."

"நாறடிச்சுட்டா அப்புறம் உங்க பேச்ச எவன் கேப்பான்? நாளைக்கே எவனாவது இஞ்சினை ஓடவிட்டுட்டு பெட்ரோல் போடுவான். உங்களுக்குப் பயந்துதான் அண்ணி எல்லாரும் உயிரோட இருக்கோம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நட்டுத் தட்டைக் காட்டினேன். மஞ்சள் வைத்த கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது.

"மத்த ரெண்டு வண்டியும்?"

"அதுவும் அப்படித்தான். ஆனா அதையெல்லாம் இறுக்கினேன்."

"நினைவிருக்கா?"

மூன்று வாரத்துக்கு முன்னால் இறுக்கிய நட்டு. இன்று காலையில் செய்ததே நினைவில்லாதவள் நான்.

அவள் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் சொல்லாதீங்க. சாயங்காலம் ரெண்டு வண்டியும் வந்ததும் நானும் நீங்களும் நைசா இறுக்கி விட்டுடலாம். காதும் காதும் வச்ச மாதிரி," என்றாள்.

நல்ல யோசனை. சத்தியமாகச் சொல்கிறேன், ரொம்ப நல்ல யோசனையாக இருந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் நாலு மணி நேரம்தான். நாலு மணி நேரத்தில் ஒவ்வொரு வண்டியும் சறுக்கில் இரண்டு தடவை இறங்கும், இரண்டு தடவை ஏறும். ஒரு வண்டியை ஓட்டுகிறவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. அவனை நெட்டையன் என்று கூப்பிடுவோம். இன்னொன்றை ஓட்டுகிறவனை நான் பெட்ரோல் டிரம் பக்கத்தில் வைத்து அழவே விட்டிருக்கிறேன்.

நான் நடக்க ஆரம்பித்ததும் நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, வேலை போயிடும். அண்ணனுக்கும் வேலை இல்ல. வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?"

அவள் சொன்னது சரிதான். கையை விடுவித்துக்கொண்டு ரேடியோ அறைக்கு நடந்தேன்.

ரேடியோ மாமா மைக்கைத் தானாகவே என் பக்கம் திருப்பினார். பொத்தானை அழுத்தினேன். விட்டேன், திரும்ப அழுத்தினேன்.

"ஷெட் மெக்கானிக் பேசுறேன். தவளை ரெண்டு, தவளை மூணு, எங்க இருந்தாலும் நில்லுங்க. காலையில நாத்தனார் சொன்னது பொய். நட்டு மூணும் லூசு, ஒண்ணு காணோம். தப்பு என்னோடது. அவள திட்டப் போய் இறுக்காம விட்டுட்டேன். இன்னொண்ணு. ரெண்டு மாசமா மஞ்சள நான் இறுக்குறதுக்கு முன்னாடியே வச்சுடுறேன். உங்க வண்டியில இருக்குற மஞ்சள நம்பாதீங்க. இறங்கி, பதினாறுலயும் ஸ்பேனர் போட்டுப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ மாமா வேர்க்கடலைத் தோலையெல்லாம் கையால் கூட்டி ஒரு காகிதத்தில் கொட்டினார். நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தவளை மூன்று பேசியது. "பதினாறும் சரியா இருக்கு அக்கா." ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

நெட்டையனிடமிருந்து பதில் இல்லை. ரேடியோ மாமா ஒரு தடவை கூப்பிட்டார். நான் ஒரு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன் அக்கா," என்றான் கடைசியில். மூச்சு வாங்கியது. "சறுக்குல மூணாவது வளைவுல நிக்கிறேன். வலது முன்னாடி நட்டு ஒண்ணு சுத்துச்சு."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை சுத்துல இறுகுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணே முக்கால்," என்றான்.