ஒரு வாரம் தண்ணீர் கூடாது

டம்ளரைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் படியில் கால் வைத்தவள், நாற்றுத் தட்டுகளுக்கு முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்ததும் அப்படியே உள்ளே திரும்பிவிட்டாள்.

கூடத்தில் அவள் கணவர் கிடந்தார். விடிகாலையில் மூச்சு நின்றது. வெயில் ஏறுவதற்குள் ஊரில் பாதி வீட்டுக்குள் வந்துவிட்டது. மீதிப் பாதி செருப்பைக் கழற்ற இடம் தேடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவருடைய நேயர்கள். எந்தப் பருவத்தில் எதை விதைக்கலாம், எலுமிச்சைக் கிளையை எப்போது கழிக்கலாம், கோழி எருவை எத்தனை நாள் ஆறப்போடலாம் என்று உள்ளூர் வானொலியில் வாராவாரம் சொன்னவர். வீட்டில் சட்டைப் பொத்தான் அறுந்ததைக்கூட ரகசியம்போலத்தான் சொல்லுவார். ஒலிவாங்கியைக் கண்டால் மட்டும் அவர் தொண்டைக்குள் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த நீதிபதியின் தீர்ப்புகளிலேயே பேர்போனது நாற்றைப் பற்றியது. "நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். வெயிலில் வையுங்கள். வாடும். வாடட்டும்! மனம் இளகாதீர்கள்!" இதைக் கேட்டுவிட்டுப் பெற்ற பிள்ளைகளைத் திருத்தக் கிளம்பிய தகப்பன்மார்களும் உண்டு.

அவர் பார்த்துச் சொல்லும் தோட்டக்கலைப் புத்தகத்தில் 'குறைக்கவும்' என்றுதான் இருந்தது. பேச்சு வேகத்தில் அது 'நிறுத்தவும்' ஆகிவிட்டது. அடுத்த வாரம் திருத்திவிடலாம் என்றார். அதற்குள் பாராட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. கைதட்டல் வாங்கிய தப்பைத் திருத்த யாரால்தான் முடிகிறது?

ஆனால் தன் நாற்று வாடுவதை அவரால் பார்க்க முடியாது. மத்தியானம் தெரு உறங்கும் நேரம் பார்த்து டம்ளரோடு பின்பக்கம் போவார். எதிர்ப்பட்டால், "பல் விளக்கப் போறேன்" என்பார். மூன்று மணிக்கு என்ன பல் விளக்கல் என்று அவள் கேட்டதில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, வெளிப்படையாகச் சொல்லாமலே அந்த வேலை அவளுக்கு வந்தது. "நீ போய்ப் பல் விளக்கிட்டு வந்துடேன்" என்பார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

நேற்று அவள் அவர் தலைமாட்டைவிட்டு நகரவில்லை. தக்காளி நாற்று, அவர் கையால் போட்ட கடைசி விதை. செல்லம் கொடுத்து வளர்த்தது, பட்டினி பழகாதது. இந்த வெயில் இன்னும் கொஞ்சம் ஏறினால் போய்விடும். இத்தனை நேயர்கள் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றினாலோ, அவர் வார்த்தை போய்விடும்.

கூடத்தில் காய்கறி விளைவிப்போர் சங்கத் தலைவர் எழுந்து நின்றிருந்தார். அவர் தோட்டத்தில் இதுவரை விளைந்தது மீசை ஒன்றுதான்.

"இரும்பு மனுஷன்!" என்றார் தலைவர். "ஒரு சொட்டு தண்ணி, ஒரே ஒரு சொட்டு, விட்டுக் கொடுத்திருப்பாரா? மாட்டார்! அந்த நெஞ்சுரம் இனி யாருக்கு வரும்?"

இரும்பு மனுஷன் நேற்று ராத்திரி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "விளக்கை அணைச்சிடாதே" என்று கேட்டிருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

மகள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "டம்ளரைக் கையிலயே வெச்சுட்டிருக்கியேம்மா. குடியேன்."

"குடிக்கறேன், நீ அங்கே போய் உட்காரு."

மறுபடி பின்வாசலுக்கு வந்தாள். அந்த ஆள் அங்கேயேதான் நின்றார். இப்போது முகம் தெரிந்தது: கடைத்தெருத் தையற்காரர். மொட்டைமாடியில் இருபது தொட்டி வைத்துக்கொண்டு தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்பவர். ஒரு நிகழ்ச்சி தவறவிட்டதில்லை.

"கவலைப்படாதீங்கம்மா, பாத்துக்கறேன்" என்றார். "இப்பத்தான் ஒருத்தர் வாளியைத் தூக்கிட்டு வந்தார், பாவம் வாடுதேன்னு. விடுவேனா? ஐயா பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டாம்?"

"வந்ததிலேருந்து இங்கேயா நிக்கறீங்க?"

"உள்ளே போய் அவரைப் பாக்கத் தைரியம் வரலை. இங்கே நின்னா ஏதோ வேலை செய்யற மாதிரி இருக்கு."

தட்டில் நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. சில, குழியின் விளிம்பிலேயே சாய்ந்துவிட்டன. அவள் அவற்றைப் பார்த்தாள், தையற்காரரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் காத்த ரகசியம் வாய்வரை வந்து நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"அம்மா?"

"அவர் ஊத்துவாருங்க."

"எதை?"

"தண்ணியை. தினமும். கொறைக்கணும்னுதான் புத்தகத்துல இருக்காம். வாய் தவறி நிறுத்துங்கன்னு சொல்லிட்டார். அப்புறம் மாத்திச் சொல்ல வெக்கம்."

தையற்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் ஐஸ்கட்டி வைப்பேம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஒவ்வொரு செடிக்கும் சின்னதா ஒண்ணு. ஊத்தினாத்தானே தப்பு, இது தானா உருகறது. ஐயா கேட்டா அப்படித்தான் சொல்லணும்னு நெனச்சு வெச்சிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வேறு ஏதோ சேர்ந்து வரப் பார்த்தது; உதட்டைக் கடித்து இரண்டையும் நிறுத்தினாள்.

"ஐயாகிட்ட..." கூடத்தின் பக்கம் கையைக் காட்டி அவர் தயங்கினார். "சொல்லிடாதீங்க."

"சொல்லலை."

உள்ளே பேச்சு முடிந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. "நாற்றைப் பாத்துட்டு வந்துடலாம் வாங்க" என்று தலைவரின் குரல் நெருங்கியது. தையற்காரர் போய்ப் பின்வாசல் படியில் கதவை அடைத்தாற்போல் உட்கார்ந்து, இருமத் தொடங்கினார். நல்ல கட்டையான இருமல்.

"என்னய்யா, வழியை மறிச்சுட்டு?"

"நெஞ்சடைப்பு மாதிரி இருக்கு தலைவரே. ஒரு நிமிஷம் காத்து வாங்கிக்கறேன்."

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டம்ளரைச் சாய்த்து, விரல் நுனியில் வழியவிட்டு, ஒவ்வொரு குழியாக நனைத்துக்கொண்டே போனாள். மண் சத்தமில்லாமல் குடித்தது. கடைசி வரிசை வந்தபோது தண்ணீர் தீர்ந்துபோனது. தண்ணீர்த் தொட்டியின் குழாயை மெல்லத் திறந்து டம்ளரை அடியில் பிடித்தாள். சத்தம் வராமலிருக்க, விழுகிற தண்ணீருக்குக் குறுக்கே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.