என் மேல் அம்மன் வரவில்லை

நாயை டிக்கியில் போடச் சொன்னார் கண்டக்டர்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில், திருப்பதி பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில், நானும் துலுக்காணம் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிளாஸ்டிக் கிரேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். மாங்காய் அடுக்குகிற கிரேட். அடியில் சாக்கு, அதன் மேல் என் பழைய துப்பட்டா, அதன் மேல் நாய், நீலம். அதன் முன்பாதி எப்போதும்போல் தலையைத் தூக்கி வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பாதி பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்தது.

டிக்கிக்குள் காற்று வராது என்றேன். லக்கேஜுக்குக் காற்று எதற்கு என்று கேட்டுவிட்டு அவர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

முந்தின நாளே எல்லாவற்றையும் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். நாய்க்கு டிக்கெட் கேட்டால் வாங்கிவிடுவது, கடிக்குமே என்றால் வாயில் கட்டக் கைக்குட்டை, தண்ணீர், ரஸ்க், கீழே நனைந்தால் மாற்ற இன்னொரு சாக்கு. டிக்கி மட்டும் என் யோசனையில் வரவில்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான். யோசிக்காத ஒன்றுதான் முதலில் வந்து எதிரில் நிற்கும். அதற்குப் பதில் சொல்லவும் வாய் வராது. நான் படிக்கப் போகிற சாயங்கால வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பி, டைரியைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான், அந்தந்த ஆளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றாக வரும்.

நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் எடை போடுகிற இடத்தில் கணக்கு எழுதுகிறேன். மே மாதம் தொடங்கினால் எங்கள் கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்குவார்கள். மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் வண்டி நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் நிற்கிறவன் உள்ளே நுழைந்துவிடுவான். அதனால் கூப்பிட்ட மூச்சில் எல்லோரும் சாவியைத் திருப்புவார்கள். வண்டிக்குக் கீழே குனிந்து பார்ப்பது கிளீனரின் வேலை. லாரி டிரைவர் துலுக்காணம் அண்ணனின் கிளீனர் முந்தின நாள் குடுபல்லிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஃபேக்டரியில் எல்லோரும் சோறு போட்டு வளர்த்த நீலம், லாரி நிழலில் டயர் ஓரம் படுத்திருந்தது.

சித்தூரில் பார்த்த மாட்டு டாக்டர், முதுகெலும்பில் அடி என்றார். தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது. திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிற பெரிய டாக்டரிடம் நாளைக்கே காட்டிவிடு, மதியத்தோடு ஓ.பி. முடிந்துவிடும், ஆபரேஷன் செய்வதென்றால் உடனே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு ஊசிதான் என்றார். ஊசி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

வரிசையில் சும்மா நிற்கிற லாரியில் ஒன்றைக் கொடுங்கள் என்று மேனேஜர் ஜெபகுமார் சாரிடம் கேட்டேன். நாய்க்கு லாரியா என்று சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, துலுக்காணம் அண்ணனைக் கூப்பிட்டுத் தனியாக ஏதோ சொல்லி, என்னோடு போகச் சொன்னார். மனுஷன் கொஞ்சம் இளகிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பஸ்ஸின் கண்டக்டர், யாரும் ஆட்சேபிக்காதவரை கடைசி சீட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஏறிவிட்டோம். துலுக்காணம் அண்ணன் கிரேட்டைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, நீலத்தின் காதைச் சொறிந்துகொண்டே வந்தார். தன் லாரி ஏறிய நாயின் காதை ஒருவரால் அவ்வளவு இயல்பாகச் சொறிய முடிகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தைகூட வருத்தம் சொல்லாத மனுஷன். அதையும் நான் கேட்கவில்லை. ஒருவேளை உள்ளுக்குள் வருந்துகிறாரோ, அவசரப்பட்டு ஏதாவது சொல்லிவிடக் கூடாதோ என்று எனக்குள்ளேயே இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டு வந்தேன்.

சந்திரகிரி நெருங்கும்போது நீலத்துக்குத் தானாகவே மூத்திரம் போய்விட்டது. அதற்குத் தெரியக்கூட இல்லை. அது பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரம் சாக்கைத் தாண்டி, கிரேட்டின் ஓட்டை வழியாக முன்சீட்டுக் காலடிக்கு ஓடியது. மலைக்குப் போகிற ஒரு குடும்பம் அங்கே உட்கார்ந்திருந்தது. மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக் காணிக்கை அந்த அம்மாவின் பையில் இருந்ததாம், பை தரையில் இருந்ததாம், ஈரம் பட்டுவிட்டதாம். பட்டதோ இல்லையோ, அவர் எழுந்த வேகத்தில் பஸ்ஸே எழுந்துவிட்டது. நான் மாற்றுச் சாக்கை எடுத்துத் தரையைத் துடைத்தேன். குனிந்து துடைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன், தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. துடைக்கிற இடத்தில் ஒருவர் செருப்புக் காலை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் கொன்னுட வேண்டியதுதானே என்றார். ரொம்பச் சாதாரணமாக, சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடச் சொல்கிற மாதிரி. கண்டக்டர் சந்திரகிரியில் எங்களை இறக்கிவிட்டார்.

ரோட்டோரம் வெயில் கொதித்தது. ஆஸ்பத்திரி மூடுவதற்குள் போக வேண்டுமே என்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரன், பாபு என்று பெயர், நாய் என்றதும் முகத்தைச் சுளிக்காமல் ஏறச் சொன்னான். ஆனால் திருப்பதி ஊருக்குள் கங்கம்மா அம்மன் திருவிழா, ஜாத்திரை நடக்கிறது, எந்தத் தெரு திறந்திருக்கும் என்று அவனுக்கே தெரியாது என்றான்.

ஆட்டோவில்தான் துலுக்காணம் அண்ணன் வாயைத் திறந்தார்.

"ஓ.பி. மூடிட்டாலும் ஒண்ணும் கவலப்படாத, மேடம். ஊசி போட ஒருத்தன் கீறானாம் அங்க. சார் பேசிட்டாரு."

"என்ன ஊசி?"

"நாயோட திரும்பி வராதன்னுதான சாரு என்னை அனுப்பினாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் குரலில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. லோடு இறக்கப் போகிற மாதிரி வந்திருக்கிறார். போகிற இடம் தெரியாமல் நான்தான் ரஸ்க்கும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தேன். கிரேட்டைத் தனியாகத் தூக்க முடியாது. அந்த ஆளின் கை எனக்குத் தேவைப்பட்டது.

ஊருக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் ஆட்டோ நின்றது. முன்னால் தெரு முழுக்க ஜனம், பறைச் சத்தம், மஞ்சள் தண்ணீர். ஜாத்திரையில் நேர்ந்துகொண்டவர்கள் நாளுக்கொரு வேஷம் போடுவார்கள். வேஷம் போட்டவன் எதிரில் வருகிற யாரையும் எந்தக் கெட்ட வார்த்தையும் சொல்லித் திட்டலாம். கலெக்டரே ஆனாலும் சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். அந்தத் திட்டு அம்மனுக்குப் போய்ச் சேருகிறது, வாங்கிக்கொண்டவனுக்கு நல்லது என்பது ஊர் வழக்கம். உடம்பு முழுக்கக் குங்குமம் அப்பி, இடுப்பில் வேப்பிலை கட்டிய ஒருவன் எங்கள் ஆட்டோவின் முன் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினான். முதலில் பாபுவின் அம்மாவைத் திட்டினான், பிறகு துலுக்காணம் அண்ணனின் மீசையை, பிறகு என்னை. எல்லாம் தெலுங்கில். இருவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். பாபு கும்பிடக்கூடச் செய்தான். பிறகு வேஷக்காரன் கிரேட்டைப் பார்த்தான். பாதிப் பிணத்தை எங்கே தூக்கிப் போகிறீர்கள், மீதிப் பாதியை யார் தின்றது என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நீலம் அவனைப் பார்த்து, தன்னிடம் பேசுகிற எல்லோரிடமும் செய்வதுபோல, வாலை ஆட்ட முயன்றது. முன்னங்கால்களும் தோளும் ஆடின. வால் ஆடவில்லை.

நான் ஆட்டோவை விட்டு இறங்கினேன்.

"எதுடா பாதிப் பொணம்? அது உசுரோட கீது. பாக்கத் தெரியல உனக்கு? மூஞ்சில அப்பிக்கினு வந்தா எது வேணா பேசுவியா நீ?"

அதன் பிறகு வந்ததெல்லாம் நான் நகரியில் தறிச் சத்தத்துக்கு மேல் பெரியவர்கள் கத்திக் கேட்டு வளர்ந்த வார்த்தைகள். என் வாயில் அவை இருப்பதே எனக்குத் தெரியாது. அவனோடு நிற்கவில்லை. டிக்கி கண்டக்டரைத் திட்டினேன். மஞ்சள் துணிக்காரியைத் திட்டினேன். ஈரத்தில் காலை வைத்துக்கொண்டு கொல்லச் சொன்னவனை அவன் வம்சத்தோடு திட்டினேன். ஜெபகுமாரை, அவருடைய டோக்கனை, மைக்கை, வரிசையை. கடைசியில் திரும்பி, ஆட்டோவுக்குள் கிரேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த துலுக்காணத்தை. தொண்டை கிழிந்தது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

மூச்சு வாங்க நிறுத்தியபோது சிரிப்பு நின்றிருந்தது. பறை மட்டும் வேகமாக அடித்தது. குங்குமக்காரன் ரெண்டடி பின்னால் போய்க் கையைக் கூப்பினான். யாரோ என் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒரு பெண் என் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்து, நெற்றியில் குங்குமத்தைத் தேய்த்துவிட்டு, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. இல்லை, அம்மன் இல்லை, இது நான், பிரித்திகா, எனக்குக் கோபம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண் இன்னும் பயபக்தியாகத் தலையாட்டினாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து துலுக்காணத்தின் குரல் வந்தது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிற அதே குரல்.

"அம்ம வச்சிந்தி! தாரி இய்யண்டி!"

அம்மா வந்துவிட்டாள், வழி விடுங்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கத்தினார்கள். ஜனம் இரண்டாகப் பிரிந்தது. பாபு ஆட்டோவை ஸ்டார்ட் செய்தான். துலுக்காணம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பிரிந்த தெருவுக்குள் ஆட்டோ போக, இருபக்கமும் ஜனங்கள் எங்களைக் கும்பிட்டார்கள். கிரேட்டில் இருந்த நாயையும்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். பிறந்ததிலிருந்து ஒருமுறை வாய் திறந்து கத்தினேன். அதையும் என்னிடமிருந்து பிடுங்கி அம்மனிடம் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னாத்துக்கு அழுவற? வழி கெடச்சிதா, இல்லையா?" என்றார் துலுக்காணம்.

"என்கூடப் பேசாத நீ."

என் வாயிலிருந்து 'அண்ணன்' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரிந்தது. ஊசிக்காரனைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஓ.பி. மூடவில்லை. மஞ்சள் தண்ணீர் சொட்ட, அவிழ்ந்த முடியோடு உள்ளே போன என்னை டாக்டர் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஜாத்திரையா என்று மட்டும் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு இடுக்கி ஒன்றால் நீலத்தின் பின்கால் விரலைக் கெட்டியாக நசுக்கினார். நீலம் அவர் மணிக்கட்டை நக்கியது. இன்னும் கெட்டியாக நசுக்கினார். அது நக்கிக்கொண்டே இருந்தது. அது கத்த வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வலிக்கட்டும் என்று ஒரு நாய்க்காக வேண்டிக்கொள்கிற நிலைமையில் நின்றேன்.

தண்டுவடம் முழுசாக அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்தும் பயனில்லை, இனி நடக்காது என்றார். நேற்றே வந்திருந்தால் என்று கேட்டேன். அடிபட்ட நிமிஷமே வந்திருந்தாலும் இதுதான் என்றார். அப்படியானால் பஸ்ஸும் டிக்கியும் ஜாத்திரையும் எதையும் கெடுக்கவில்லை. யார்மேல் இத்தனை கோபப்பட்டேன் என்று ஒரு கணம் தடுமாறினேன். தடுமாறியும் கோபம் போகவில்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்று ஊசி. இன்னொன்று, அதற்கு மூத்திரம் தானாகச் சரியாகப் போகாது, பை நிரம்பி வழியும். தினமும் வேளாவேளைக்கு வயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும், புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். சக்கரம் வைத்த வண்டி கட்டினால் ஓடக்கூடச் செய்யும். யார் செய்வது என்பதை முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்.

துலுக்காணம் மெதுவாகச் சொன்னார். "சீசன்ல யாரு பாத்துக்கினு இருப்பா? நாயோட போய் நின்னா சாரு இன்னா சொல்லுவாரு?"

"சாருக்கு நான் சொல்லிக்கறேன்."

"நீ காலைல எடை, சாயந்தரம் கிளாஸு. உன்னால ஆவுமா?"

"ஆவாது." இதை மட்டும் நான் யோசித்தே சொன்னேன். டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். "இவருக்குக் கத்துக் குடுங்க, சார். இவரு லாரிதான் ஏறிச்சி. வரிசைல நாள்பூரா சும்மாதான் ஒக்காந்துக்கினு இருக்காரு."

துலுக்காணம் என்னைப் பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரித்திருந்தால் மறுபடி கத்தியிருப்பேன், இந்த முறை அம்மன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேஜை அருகே போனார்.

டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து நீலத்தின் வயிற்றில் வைத்தார். அங்கே ஒரு மாங்காய் அளவுக்கு உருண்டையாகத் தட்டுப்படும், பிசையக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுத்த வேண்டும் என்றார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள். முதலில் பயந்து பயந்து வைத்தார், ஒன்றும் வரவில்லை. டாக்டர் இடம் மாற்றி வைத்தார். பிறகு ஒரு பீய்ச்சலாக வந்து அவர் சட்டை, பேன்ட், செருப்பு எல்லாவற்றையும் நனைத்தது.

"தே, சனியனே," என்றார் நீலத்திடம். கையை எடுக்கவில்லை. தலையைத் திருப்பாமலே என்னிடம் கேட்டார். "தெனமும் எத்தினி வாட்டி?"

டாக்டர் சொன்னார். துடைக்க என்னிடம் அந்தக் கைக்குட்டை இருந்தது. கொடுக்கவில்லை.