மேசைக்கு அடியில் நாலு ஓட்டை

பச்சைக் கோடு கடைசிவரை ஓடி முடிந்தபோது அகிலா கையிலிருந்த டீயை ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு, புது மெஷினைச் சோதித்துப் பார்க்க, அவள் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தது ஒரு முகூர்த்தக் காட்சி. நாலே நிமிஷம். தாலி கட்டுகிற இடம், அட்சதை பறக்கிற இடம், பெண்ணின் அம்மா மூக்கை உறிஞ்சுகிற இடம். நகரியில் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட் செய்த இந்த நாலு நிமிஷத்தை வீடியோவாக வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதுவும் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தால்தான். உலை வைத்து, சோறு இறக்கி, குழம்பு தாளித்து, மகள் அக்ஷயாவுக்குத் தலை வாரிவிட்டு வந்து பார்த்தாலும் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். இங்கே இரண்டு நிமிஷம். மெஷின் ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி.

"பில்லு சார் பேருலயா மேடம்?" என்றாள் கவுன்டரில் இருந்த பிரீத்தி.

"எந்த சாரு? தொழில் பண்றது நான். அகிலான்னு போடுங்க."

பிரீத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை அடித்தாள். இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று கொட்டேஷன் வந்தது. வெள்ளிக்கிழமைவரை அந்த விலை நிற்கும். அகிலா காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். சீட்டு எடுத்தால் வாங்கிவிடலாம். ஆனால் சீட்டு என்பது அக்ஷயாவின் படிப்புக்கு என்று வீட்டில் எல்லோரும் வாய்க்கு வாய் சொல்லிவைத்திருந்தது. அதைத் தொட வேண்டுமா என்பதுதான் ஒரு வாரமாக அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

குடைச்சலுக்கு இன்னொரு காரணம் வேணு. திருப்பதியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். திருமலையில் நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு அவருடைய ஆட்கள்தான் கேமரா தூக்குகிறார்கள். எடுத்த படமெல்லாம் டிஸ்கில் ஏறி, பஸ்ஸில் நகரிக்கு வந்து, அகிலா கையால் கல்யாணமாகித் திரும்பும். பத்து வருஷமாக இப்படித்தான். போன வாரம் அவர் போன் செய்து, "புது மெஷின் நானே வாங்கி உங்க வீட்ல வெக்கிறேன் அகிலாகாரு, நீங்க ஒரு ரூபா தர வேணாம்" என்றார். சும்மா கொடுக்கிறவர் ஏன் இத்தனை அவசரப்படுகிறார் என்று அவளுக்கு அப்போதே உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் சார் என்று வைத்துவிட்டாள். அவள் யோசிப்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டது வீட்டில் இருந்த ஆண்களுக்குப் பொறுக்கவில்லை என்பது அன்று சாயங்காலம்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே ஊதுவத்தி வாசனை வந்தது. செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஸ்ரீசிட்டி கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்த புருஷன் யோகேஷ் பல்லெல்லாம் தெரிய எதிரே வந்தான்.

"கண்ண மூடிக்கினு வா. இன்னா வந்துகீது பாரு."

அவள் கண்ணை மூடவில்லை. அவளுடைய மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. முன்பக்க வலையில் மூன்று சந்தனக் கீற்று, நடுவில் குங்குமம், உச்சியில் சாமந்தி, காலடியில் நசுக்கின எலுமிச்சம்பழம். புது வண்டிக்குச் செய்கிற அத்தனையும் செய்திருந்தார்கள். குங்குமம் வலை வழியாக உள்ளே உதிர்ந்து மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. கற்பூரத் தட்டை அதன் முகத்துக்கு நேரே காட்டியபோது, மெஷினைப் பொருத்த வந்த வேணுவின் ஆள் ரமணா "அய்யய்யோ" என்று கத்தினானாம். அதை யோகேஷ் பெரிய வேடிக்கையாகச் சொன்னான்.

"யார கேட்டு எறக்கினீங்க?"

"யார கேக்கணும்? சும்மா வந்துகீது. நீ இன்னாடான்னா கொட்டேஷன் வாங்கிகினு அலையற."

"என் கம்ப்யூட்டர் எங்க?"

அது பின்கட்டில், நூல் மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தது. சுற்றுப்பட்ட விசைத்தறிகளிலிருந்து பறந்து வருகிற பஞ்சு அதன் மேல் ஏற்கெனவே படிய ஆரம்பித்திருந்தது. வாரம் தவறாமல் பெயின்ட் பிரஷ்ஷால் அதன் உள்ளே துடைத்துப் பழகிய கை தன்னால் மூடியைத் தள்ளியது. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் மட்டும் வெறுமனே தொங்கியது.

"ரமணா கழட்டிகினு போனான். எல்லாத்தையும் காப்பி பண்ணி குடுத்துடுவானாம்," என்றான் யோகேஷ் பின்னாலேயே வந்து.

அகிலாவுக்குக் காது இரண்டும் சுட்டது. வீட்டில் ஆளில்லாதபோது பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டு, பத்திரமாகத் திரும்பி வரும் என்று சொல்கிற மனுஷனை என்ன செய்வது? அந்த டிஸ்கில் பத்து வருஷம் இருந்தது. வேணுவின் கல்யாணங்கள் மட்டுமா? இன்னொரு ஸ்டுடியோக்காரரான புத்தூர் ரகு கொடுத்த கல்யாணங்கள் இருந்தன. அக்ஷயா திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு அழுதது இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய கலர் இருந்தது.

கலர் என்றால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுத்த பெண்ணைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுக்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். பெண்ணின் சொந்தச் சித்திக்கே அடையாளம் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வெதுருகுப்பத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. அந்தப் பெண் நல்ல கறுப்பு. அகிலா இருபது நாள் உட்கார்ந்து, கறுப்பைக் கறுப்பாகவே விட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த மினுமினுப்பை மட்டும் மேலே ஏற்றி ஒரு கலர் கண்டுபிடித்தாள். பெண் வீட்டார் பார்த்துவிட்டு அழுதார்களாம். அதற்கப்புறம் வருகிறவர்களெல்லாம் அந்தக் கலரே வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். வேணு அதற்கு வேணு கலர் என்று பெயர் வைத்து போர்டே எழுதிவிட்டார். அகிலா அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுத்தது தப்பு என்று இப்போது தோன்றியது.

வேணுவுக்குப் போன் போட்டாள்.

"அகிலாகாரு! மெஷின் எட்லா உந்தி? ராக்கெட் மாதிரி இல்ல?"

"என் டிஸ்க்கு எங்க சார்?"

"இங்கதான், சேஃப்பா. காப்பி ஆவுது. அதுல இருக்கறது எல்லாம் மன டேட்டாவே கதா, நம்ம டேட்டாதானே?"

"உங்க டேட்டா இல்ல சார். ரகு வேலை இருக்குது. என் கலர் இருக்குது."

"கலரு ஸ்டுடியோதும்மா." குரலில் இன்னும் சர்க்கரை இருந்தது. "அப்புறம், அந்த ரகு கிகு எல்லாம் இனிமே வேணாம். சீசன் பூரா என் வேலையே இருக்கும். என் மெஷின்ல என் வேலைதானே செய்யணும்? நியாயமா இல்லியா, நீங்களே செப்பண்டி."

வைத்துவிட்டார். நியாயத்தைப் பற்றிப் பேசிவிட்டு முதலில் வைப்பவர் எப்போதும் அவர்தான்.

கூடத்தில் மாமனார் சிவசங்கரன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை சத்தத்துக்கும் காரணம் அவருக்கு விளங்கவில்லை. "எதுக்கும்மா கோவப்படற? எனக்குத் தறி போட்டதும் மொதலாளிதானே. நூலும் அவுருது, தறியும் அவுருது. அதுல நெய்ஞ்சிதானே இவன வளத்தேன். துன்னலியா, உடுத்தலியா?"

அகிலா சட்டென்று நாற்காலியை இழுத்தாள். சக்கரம் தரையில் இருந்த குழியில் மாட்டிக்கொண்டு நின்றது. தினமும் நாலு தடவை மாட்டுகிற குழி. மேசைக்கு அடியிலும் பக்கத்திலுமாகச் சிமென்ட்டில் அப்படி நாலு ஓட்டை உண்டு.

"இந்த நாலு ஓட்டை எப்படி வந்துச்சு மாமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அகிலா கல்யாணமாகி வந்த புதிதில் அவரே சொன்ன கதைதான். தங்கை கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்து, வேறொரு வியாபாரிக்கு எட்டுப் புடவை நெய்துகொடுக்க ஒப்புக்கொண்டார். மூன்றாவது புடவை தறியில் பாதி நெய்தபடி இருக்கும்போது முதலாளியின் ஆட்கள் நாலு பேர் ஸ்பேனரோடு வந்தார்கள். அரை மணி நேரத்தில் போல்ட்டைக் கழற்றி, பாதிப் புடவையோடு தறியைத் தூக்கி வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். தரையில் ஓட்டைதான் மிச்சம். அதற்கப்புறம் அவர் பதினாலு மாதம் கூலிக்கு அலைந்தார்.

"அது அந்தக் காலம்," என்றான் யோகேஷ்.

அப்போதுதான் அது நடந்தது. மேசை மேல் திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. யாரும் தொடாத மவுஸின் அம்பு தானாக நகர்ந்தது. ஒரு கோப்புறையைத் திறந்தது, மூடியது, இன்னொன்றை இழுத்து முன்னால் வைத்தது. எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: அகிலா, முதலில் இது. நாளை காலைக்குள். பேச்சில் இருந்த மரியாதைக் 'காரு'வை எழுத்தில் காணோம். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு யாரோ அவள் வீட்டுக் கூடத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"அட! அங்கேந்தே வேலை குடுக்கறாங்க பாரு. எவ்ளோ வசதி!" என்றான் யோகேஷ். அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"உன் கம்பெனில உன் தலைக்கு மேல கேமரா வெச்சாங்கன்னு ரெண்டு நாள் சோறு துன்னாம கெடந்தியே," என்றாள் அகிலா. "இது என் வீடு. இங்க நான் நைட்டியோட உக்காந்து வேலை பண்றேன்."

அவள் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். அம்பு பாதி வழியில் செத்தது. சீட்டுப் பணம் எடுக்கிறேன், அது என் பேரில்தான் இருக்கிறது, பிள்ளையைப் படிக்க வைக்கப்போவதும் இந்த வேலைதான் என்று வீடு கேட்கச் சொன்னாள். சிவசங்கரன் எழுந்து பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பாவு கட்டுகிற கயிறு ஒரு சுருள் இருந்தது. தரையில் உட்கார்ந்து பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தூக்குவதற்கு மேலே ஒரு பிடியும் போட்டுக்கொடுத்தார். முடிச்சு போடும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் ஆதார் அட்டையைப் பார்த்து அவளுக்குப் பெண்களுக்கான இலவச ஜீரோ டிக்கெட் கிழித்தார். பிறகு பக்கத்து சீட்டில் ஜன்னலோரமாகச் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"ஈ சாமி எவரிதம்மா?"

"என்னுது இல்ல. திருப்பி குடுக்கப் போறேன்."

"அயினா லக்கேஜ் உந்தி கதா, லக்கேஜ் இருக்குதுல்ல," என்று அதற்கு ஒரு டிக்கெட் போட்டார். ஊரான் மெஷினுக்கும் காசு தானே கட்ட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் புத்தூர் வளைவில் அது சாய்ந்தபோது கை போய்ப் பிடித்துக்கொண்டது. நல்ல மெஷின். அதன் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

ஸ்டுடியோ அப்போதுதான் திறந்திருந்தது. கண்ணாடிக் கதவில் ஆளுயரப் படமாக அந்த வெதுருகுப்பத்துப் பெண் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தாள். காலடியில் வேணு கலர்ஸ் என்று தங்க எழுத்து. உள்ளே ஒரு கல்யாண வீட்டார் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகிலா தோளால் கதவைத் தள்ளி, பெட்டியை வாசற்படிக்கு நடுவில் இறக்கி வைத்தாள். அங்கேயே, அதன் பக்கத்திலேயே நின்றாள்.

வேணு எழுந்து வேகமாக வந்தார். "லோபலிக்கி ரண்டி, உள்ள வாங்க. உக்காந்து பேசலாம். ஏசி எல்லாம் வெளிய போவுது பாருங்க."

"பேச ஒண்ணும் இல்ல சார். என் டிஸ்க்கு வரட்டும்."

ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்தி இந்தப் பக்கம் திரும்பினாள். வேணு அவளைப் பார்த்தார், அகிலாவைப் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார். கதவின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. கறுத்த மணப்பெண் சாத்திக்கொள்ள வந்து, கயிறு கட்டின பெட்டியில் இடித்து, அப்படியே நின்றாள். குளிர்ந்த காற்று அகிலாவின் காலைத் தொட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.